காமன்ஸ்: பொதுமமா, பொதியிலா, புறம்போக்கா?

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலைக்காக அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெசிக் பற்றி ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினோராம் வகுப்புத் தமிழ்வழிப் பிள்ளைகள்தாம் வாசகர்கள். வெள்ளிக்கிழமை பொள்ளாச்சி அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். எல்லாம் முடிந்துவிட்டது, ‘காமன்ஸ்’ என்ற ஒரு சொல்தான் பாக்கி.

2001 இல் வந்த நூலில் லெசிக் இந்தச் சொல்லுக்குத் தரும் பொருள் இது: எதைப் பயன்படுத்துவதற்கு எவரிடமும் போய் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லையோ, அது காமன்ஸ். இணையம் அப்படி அமைந்ததால்தான் வளர்ந்தது என்பது அவர் வாதம். அதே ஆண்டு, எழுதியவர்கள் தம் படைப்பைப் பிறர் எடுத்தாள விடுவதற்கான பொது உரிமங்களை உருவாக்கித் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பை அவரும் நண்பர்களும் தொடங்கினார்கள். 2002 டிசம்பரில் அதன் முதல் உரிமங்கள் வெளிவந்தன.

‘பொதுச்சொத்து’ என்று வகுப்பில் சொன்னதும் ஒரு மாணவி எழுந்து, “அப்படியென்றால் எழுதியவருக்கு ஒன்றுமே இல்லையா டீச்சர்?” என்று கேட்டாள். கேட்டதில் நியாயம் இருக்கிறது. அந்த உரிமங்களில் பதிப்புரிமை எழுதியவரிடமேதான் இருக்கிறது, பிறர் எந்த அளவுக்கு எடுத்தாளலாம் என்பதை அவர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். இதை உணர்த்தும் சொல் வேண்டும்.

பாலக்காடு வழக்கறிஞர்:

முதலில் எது வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ‘நாட்டுடைமை’ வேண்டாம். பாரதியின் எழுத்துகளை 1949 இல் சென்னை மாகாண அரசு கையகப்படுத்தியது பெருமைக்குரிய செயல். ஆனால் அங்கே உரிமை அரசின் கைக்கு வந்து, பிறகுதான் மக்களிடம் போனது. லெசிக் சொல்வதில் அரசுக்கு இடமே இல்லை. ‘காப்புரிமை’யும் வேண்டாம். அதைக் கண்டுபிடிப்புக்கும் நூலுக்கும் மாற்றி மாற்றி எழுதிக் குழப்பிவிட்டோம்.

எல்ட்ரெட் வழக்கைக் கையேட்டில் கட்டாயம் சேருங்கள் அம்மா. 1998 இல் அமெரிக்க நாடாளுமன்றம் பதிப்புரிமைக் காலத்தை 20 ஆண்டு நீட்டியது. காலாவதியான பழைய நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றிவந்த எரிக் எல்ட்ரெட் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடியவர் லெசிக். 2003 ஜனவரியில் 7-க்கு 2 என்று தோற்றார். தோற்ற வழக்குதான், ஆனால் அதுவரை பதிப்பாளர்களும் வழக்கறிஞர்களும் மட்டுமே பேசிவந்ததை மாணவர்களும் நூலகர்களும் பேசத் தொடங்கினார்கள். நம் நாட்டிலும் 1992 திருத்தத்தில் ஆசிரியர் மறைவுக்குப் பின் 50 ஆண்டு என்றிருந்தது 60 ஆயிற்று. தாகூரின் நூல்களுக்குக் காலம் முடிகிற நேரம் அது. இங்கே எத்தனை பேர் கேள்வி கேட்டோம்?

வேலந்தாவளம் புலவர் (பணி ஓய்வு):

சொல்லை வெளியே தேட வேண்டாம், புறநானூற்றில் கிடக்கிறது. 128 ஆம் பாட்டு, வள்ளல் ஆய் அண்டிரனை ஏணிச்சேரி முடமோசியார் பாடியது. “மன்றப் பலவின் மாச்சினை மந்தி” என்று தொடங்கும். ஊர் மன்றத்துப் பலாமரத்தில் இரவலர்கள் தங்கள் முழவைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பெண்குரங்கு அதைப் பழமென்று நினைத்துத் தட்டுகிறது. மரம் பொது, ஆனால் முழவு இரவலருடையது. பொதுவிடத்தில் தொங்குவதால் உடைமை போய்விடவில்லை. மாணவி கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை உண்டா?

அதே பாட்டில் ‘மழைதவழ் பொதியில்’ வருகிறது. அங்கே அது மலையின் பெயர். ஆனால் பொது + இல் = பொதியில், ஊர்ப்பொது மண்டபம் என்ற பொருளும் பழையதே. அந்தப் பொதியிலை ஆடுமகள் (கூத்தாடும் பெண்) அணுகலாம், பெருமை மிக்க மன்னர் அணுகுவது அரிது என்று பாட்டு முடிகிறது. எளியவருக்குத் திறந்தும் வலியவருக்கு மூடியும் இருக்கிற இடம்! ஆகவே ‘படைப்புப் பொதியில்’ என்பதே என் பரிந்துரை. கடினம் என்பீர்களானால் பொதுவிடத்தைக் குறிக்கும் ‘அம்பலம்’ இருக்கிறது. தில்லையில் அவன் ஆடுவதும் பொதுவில்தானே.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை:

ஐயா, பலாமரத்தைக் கையேட்டில் சேர்த்துவிட்டேன், மிக்க நன்றி. ஆனால் அம்பலம் இங்கே நடக்காது. எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசுகிறவர்கள். கரும்பலகையில் ‘அம்பலம்’ என்று எழுதியதும் வகுப்பே சன்னல் பக்கம் திரும்பிக் கோயில் கோபுரத்தைக் காட்டியது. பொதியில் என்றதும் ‘பொதிக்குள்ளா?’ என்று கேட்டார்கள்.

மூணாறு நிரலாளர்:

எல்லாருக்கும் தெரிந்த சொல் ஒன்று இருக்கிறதே, புறம்போக்கு. குளத்துப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு. மலையாளிக்கும் புரியும்.

இன்னொன்று, லெசிக்கின் ‘கோடே சட்டம்’ (code, அதாவது கணினி நிரல்) என்ற கருத்தை எப்படி எழுதுகிறீர்கள்? ‘கோடு’ என்றே வைத்துவிடலாமே.

வேலந்தாவளம் புலவர்:

கூடவே கூடாது. கோடுதல் என்றால் வளைதல், ஒருபக்கம் சாய்தல். “கோடாமை சான்றோர்க் கணி” என்பது குறள். கோடே சட்டம் என்றால் நடுவுநிலை தவறியதே சட்டம் என்று ஆகிவிடும்.

பாலக்காடு வழக்கறிஞர்:

ஐயா சொன்னது இந்த இடத்துக்குப் பொருந்தவும் செய்கிறது. லெசிக் 1999 இல் எழுதியதே அதுதான். மனிதனைக் கட்டுப்படுத்துபவை நான்கு: சட்டம், சமூக வழக்கம், சந்தை, கட்டமைப்பு. இணையத்தில் கட்டமைப்பு என்பது நிரல். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, சொந்தப் படிப்புக்காக ஒரு நூலை நியாயமான அளவில் எடுத்தாளவும், ஆசிரியர் பாடம் நடத்தும்போது படியெடுத்துக் கொடுக்கவும் இடம் தருகிறது. மின்னூலில் போட்ட பூட்டு ஒரு பத்தியைக்கூடப் படியெடுக்க விடாது. நாடாளுமன்றம் கொடுத்ததை நிறுவனத்தின் நிரல் பிடுங்கிக்கொள்கிறது, அதை எதிர்த்து வாக்களிக்கவும் வழியில்லை. ‘நிரலே சட்டம்’ என்று எழுதுங்கள். இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள், காமன்ஸைவிட இதுதான் பிள்ளைகளை நாளைக்குத் தொடப்போகிறது.

நகரி மொழிபெயர்ப்பாளர்:

புறம்போக்கு வேண்டவே வேண்டாம். ஆந்திரப் பக்கம் ‘போரம்போக்கு’ என்றால் ஊதாரியைத் திட்டும் வசை. தமிழிலும் அந்த வசை இல்லாமல் இல்லை. ஒருவர் உழைத்து எழுதிப் பிறருக்குத் திறந்துவைத்ததை அந்தப் பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை. பொருளும் சரியில்லை. புறம்போக்கில் பலகை நட்டு வேலி போட்டுவிடுகிறார்கள் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

தமிழ் விக்கிப்பீடியா ‘படைப்பாக்கப் பொதுமங்கள்’ என்று ஏற்கெனவே எழுதிவருகிறது. பிள்ளைகள் தேடினால் அதுதான் கிடைக்கும். புதுச்சொல் படைக்கும் ஆசையைவிட அது பெரிது.

வேலந்தாவளம் புலவர்:

பொதுமம் எப்படிப் பிறந்தது? பொதுமை + அம் என்றால், ‘ஈறு போதல்’ என்ற நன்னூல் விதிப்படி ‘மை’ முழுதாகப் போக வேண்டும். மிஞ்சுவது பொது. பொது + அம், வகர உடம்படுமெய் பெற்றுப் ‘பொதுவம்’ என்றே ஆகும்.

நகரி மொழிபெயர்ப்பாளர்:

அது பண்புப்பெயர் வேறு சொல்லோடு புணர்வதற்குச் சொன்ன விதி, விகுதி சேர்ப்பதற்கு அல்ல. தனிமம் என்று வேதியியலில் எழுதுகிறோமே, ‘தனியம்’ என்றா எழுதுகிறோம்?

மூணாறு நிரலாளர்:

பொதுமத்துக்கு என் ஆதரவு. மலையாளத்தில் காமன்ஸ் என்றே எழுதுகிறார்கள், நாமும் அப்படியே எழுதினால்கூட எனக்கு மறுப்பில்லை.

பாலக்காடு வழக்கறிஞர்:

பொதுமம். ஆனால் முதல் முறை வரும்போது ‘அனுமதி கேளாமல் எடுத்தாளத்தக்கது’ என்று முழு வரியில் விளக்கிவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை:

பொதுமம் என்றே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். வழக்கறிஞர் ஐயா சொன்ன விளக்கமும் பலாமரமும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கையேட்டை எவரும் படியெடுக்கலாம், திருத்தலாம், எழுதியவர் பெயரையும் இதே உரிமத்தையும் காட்டினால் போதும் என்று பின்னட்டையில் போட்டிருக்கிறோம்.

வேலந்தாவளம் புலவர்:

மகிழ்ச்சி. திருத்தலாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டதால், எங்கள் ஊருக்கு வரும் படிகளில் ‘பொதுவம்’ என்று திருத்தி, உங்கள் பெயரோடு மறு அச்சுப் போடப்போகிறேன். தனிமத்துக்கும் நன்னூலில் இருந்து எவராவது விதி காட்டினால் நிறுத்திக்கொள்கிறேன்.