படகில் ஒரு நாள் தீவுப் பயணம்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். கரையோரமாக இருக்கும் மூன்று சின்னத் தீவுகளை ஒரே நாளில் படகில் சுற்றிவர நாங்கள் ஆறு பேர் திட்டமிட்டிருக்கிறோம்.

போன தடவை நன்றாகப் பட்டுவிட்டோம். கடல் ஏறியிருந்த நேரத்தில் போய் இறங்கி, நங்கூரத்தைப் போட்டுவிட்டு நண்டு பார்க்கக் கிளம்பினோம். திரும்பி வந்தால் படகு ஒருபக்கமாகச் சாய்ந்து மணலில் கிடக்கிறது, கயிறுகூடக் காய்ந்துவிட்டது! மறுபடி தண்ணீர் ஏறி, கரை சேரும்போது இருட்டிவிட்டது.

ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே சுமார் 6 மணி நேரம் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டோம். இந்த முறை குறித்திருக்கும் நாள் பௌர்ணமிக்கு மறுநாள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் ஏற்ற இறக்கம் அதிகம் என்கிறார்கள். ஒரு வாரம் தள்ளி, அரை நிலா நாளுக்கு மாற்றுவது நல்லதா? விடுப்பு கிடைப்பது வேறு கதை.

மதியத்துக்கு மேல் கடற்காற்று வலுக்கும் என்பதால், தூரத்துத் தீவை விடியலிலேயே முடித்துவிட்டு, கிட்ட இருப்பதைக் கடைசியில் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

அம்மாவும் வருகிறார். பேருந்திலேயே அவருக்குக் குமட்டும். நடுப்படகில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்த்தால் போதுமா, மாத்திரையும் வேண்டுமா? எவ்வளவு நேரம் முன்னால் போட வேண்டும்?

உயிர்காப்பு உடுப்பு ஆளுக்கு ஒன்று இருக்கிறது, அதில் கவலையில்லை. பறவைகள் முட்டையிடும் காலத்தில் தீவில் இறங்கலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.