உதவி: போர்ட் ஃபார்வர்டு போட்டும் வெளியிலிருந்து ப்ராக்ஸ்மாக்ஸ் திறக்கவில்லை

கோவை_லேப்
வீட்ல ஒரு மினி பிசில ப்ராக்ஸ்மாக்ஸ் (விர்ச்சுவல் மெஷின் ஓட்டுற சர்வர் சாஃப்ட்வேர்) ஓடுது. ரவுட்டர்ல 8006 (அதோட வெப் பக்கம்), 22 (எஸ்எஸ்ஹெச், அதாவது ரிமோட் டெர்மினல்) ரெண்டு போர்ட்டையும் ஃபார்வர்டு பண்ணிட்டேன். வீட்ல திறக்குது, மொபைல் டேட்டால திறக்கல. ஃபயர்வால ஆஃப் பண்ணியும் பார்த்தாச்சு. நாளைக்கு ஊருக்குக் கிளம்பணும், சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

பாக்கெட்_பாண்டி
ஃபைபர் பெட்டி தனியா, ரவுட்டர் தனியாவா, இல்ல ரெண்டும் ஒண்ணா? ரவுட்டர் ஸ்டேட்டஸ் பக்கத்துல வான் ஐபி (இன்டர்நெட் பக்கத்து முகவரி) என்ன காட்டுது? வீட்ல திறக்குதுன்னா 192.168 முகவரியிலயா, பப்ளிக் ஐபியிலயா?

வேர்_உரிமை
இதே கேள்விக்கு இங்கே பல இழைகள் இருக்கின்றன, தேடிப் படித்திருக்கலாம். 8006-ஐ இணையத்தில் திறப்பது ரூட் லாகின் பக்கத்தை ஊருக்கே காட்டுவது. அது திறக்காமல் இருந்தது உங்கள் நல்ல நேரம். முதலில் அந்த இரண்டு ஃபார்வர்டையும் எடுங்கள், ஃபயர்வாலை ஆன் செய்யுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

ரவுட்டர்_ராசா
இது டபுள் நாட் (ரெண்டு பெட்டியும் முகவரிய மாத்துறது) தான் ப்ரோ, பந்தயம். ஃபைபர் பெட்டிய பிரிட்ஜ் மோடுக்கு (வெறுமனே கடத்துற மாதிரி) மாத்தி, பிபிபிஓஇ லாகின (ஐஎஸ்பி கொடுத்த யூசர்நேம், பாஸ்வேர்டு) உங்க ரவுட்டர்ல போடுங்க.

கோவை_லேப்
வான் ஐபி 100.72-ல ஆரம்பிக்குது. கூகிள்ல 'மை ஐபி' போட்டா 103-ல ஏதோ வருது. ஃபார்வர்டு ரெண்டும் எடுத்துட்டேன்.

பாக்கெட்_பாண்டி
அப்ப பதில் கிடைச்சாச்சு. 100.64-லிருந்து 100.127 வரைக்கும் உள்ள முகவரிகள் சிஜிநாட்டுக்குன்னே (ஒரு பப்ளிக் ஐபிய ஐஎஸ்பி பல வீடுகளுக்குப் பங்கு போடுறது) ஒதுக்கினது. 103 ஐபி உங்க ஐஎஸ்பியோட பெட்டில இருக்கு, அதுக்குப் பின்னாடி பல வீடுகள். வெளியிலிருந்து வர்ற பாக்கெட் உங்க ரவுட்டரையே தொடாது. பிரிட்ஜ் மோடு போட்டாலும் இதே கதைதான் ராசா அண்ணா.

வழி ரெண்டு: காசு கட்டி ஸ்டாட்டிக் ஐபி வாங்கணும், இல்ல வீட்டிலிருந்து வெளியே போற டனல் போடணும். நாளைக்கே கிளம்பணும்னா டனல்தான். பப்ளிக் ஐபி உள்ள சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்) ஒண்ணு போதும், வீடும் ஃபோனும் அதுல வந்து சேரும்.

விபிஎஸ்: வயர்கார்டு (டனல் போடுற சாஃப்ட்வேர்) முகவரி 10.77.0.1, டனலுக்கு யூடிபி 51820 மட்டும் திறந்தா போதும், ஐபி ஃபார்வர்டிங் 1 (வந்த பாக்கெட்ட அடுத்தவருக்குக் கடத்த).
வீட்டு சர்வர்: 10.77.0.2. எண்ட்பாயின்ட் விபிஎஸ் ஐபி, அலவ்டு ஐபிஸ் 10.77.0.0/24, பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25. இந்த 25 விநாடிய விட்டுடாதீங்க. சிஜிநாட்ல யூடிபி மேப்பிங் சும்மா இருந்தா காலாவதியாகும், அப்புறம் வெளியிலிருந்து வீட்டை எழுப்ப வழி இல்ல.
ஃபோன்: 10.77.0.3, மத்தது வீட்டு சர்வர் மாதிரியே.

விபிஎஸ்ல அலவ்டு ஐபிஸா ஒவ்வொரு பியருக்கும் (எதிர்முனை: வீடு, ஃபோன்) அவங்கவங்க /32 (ஒரே ஒரு முகவரி) மட்டும். ரெண்டு பியருக்கும் /24 போட்டா கடைசியா போட்டவருக்குத்தான் ரூட் போகும்.

வீட்டு லானோட 192.168.1.0/24-ஐ டனல்ல சேர்க்காதீங்க. போற இடத்து வைஃபையும் அதே 192.168.1-ஆ இருந்தா மோதும்.

நிலா_நெட்
இவ்வளவு எதுக்கு? ரெண்டு பக்கமும் டெயில்ஸ்கேல் (வயர்கார்ட தானா அமைச்சுக்கற ரெடிமேட் சர்வீஸ்) போட்டா பத்து நிமிஷத்துல முடிஞ்சுது.

வேர்_உரிமை
உங்கள் வீட்டுக்குள் யார் வரலாம் என்பதை வேறொரு கம்பெனியின் கன்ட்ரோல் சர்வர் முடிவு செய்யும். அது சரியா?

நிலா_நெட்
பிரைவேட் கீ சாதனத்தை விட்டு வெளியே போறதில்ல சார். சந்தேகம்னா டெயில்நெட் லாக் (நம்ம சாதனம் கையெழுத்துப் போடாம புது சாதனம் சேராது) இருக்கு, இல்ல ஹெட்ஸ்கேல் (நாமே ஓட்டுற கன்ட்ரோல் சர்வர்) ஓட்டலாம். பாண்டி சொன்ன வழியில விபிஎஸ்லயே டிகிரிப்ட் ஆகி மறுபடி என்கிரிப்ட் ஆகுது. விபிஎஸ் கைமாறினா அவன் நேரா 8006 முன்னாடி நிப்பான். டெயில்ஸ்கேல்ல ரிலே வழியா போனாலும் நடுவுல இருக்கறவனால படிக்க முடியாது.

வேர்_உரிமை
அந்தப் பாயின்ட் சரி. அதனால்தான் உள்ளேயும் டிஎல்எஸ், எஸ்எஸ்ஹெச் என்று குறியாக்கம் இருக்க வேண்டும், ப்ராக்ஸ்மாக்ஸில் டூஎஃப்ஏ (பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாவது சரிபார்ப்பு) இருக்க வேண்டும்.

ரவுட்டர்_ராசா
விபிஎஸ்ல எஸ்எஸ்ஹெச் போர்ட்ட 2222-க்கு மாத்திடுங்க, பாதித் தொல்லை போயிடும்.

வேர்_உரிமை
லாக் கோப்பு சிறிதாகும், பாதுகாப்பு கூடாது. கீ லாகின் வையுங்கள், பாஸ்வேர்டை மூடுங்கள். மூடிவிட்டதாக நினைத்து ஏமாற வேண்டாம். உபுண்டு விபிஎஸ்களில் 50-கிளவுட்-இனிட் என்றொரு கோப்பு எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக்.டி அடைவுக்குள் இருக்கும். அதில் பாஸ்வேர்டு ஆத்தென்டிகேஷன் 'எஸ்' என்று இருந்தால், மெயின் கோப்பில் நீங்கள் போடும் 'நோ' செல்லாது, ஏனென்றால் அந்த அடைவுதான் முதலில் படிக்கப்படும், முதலில் படித்ததையே எஸ்எஸ்ஹெச்டி (எஸ்எஸ்ஹெச் சர்வர்) எடுத்துக்கொள்ளும். எஸ்எஸ்ஹெச்டியைப் பெரிய எழுத்து 'டி' ஆப்ஷனோடு ஓட்டினால் உண்மையில் எது அமலில் இருக்கிறது என்று காட்டும்.

கோவை_லேப்
டனல் போட்டுட்டேன். ரெண்டு பக்கமும் ஹேண்ட்ஷேக் வருது, ஆனா ஃபோன்ல 8006 திறக்கல.

பாக்கெட்_பாண்டி
ஃபோன்ல இருந்து 10.77.0.1 பிங் ஆகுதா? 10.77.0.2? விபிஎஸ்ல யூஎஃப்டபிள்யூ (உபுண்டு ஃபயர்வால்) ஓடுதா?

கோவை_லேப்
.1, .2 ரெண்டும் ஆகுது, 8006 மட்டும் திறக்கல. யூஎஃப்டபிள்யூ ஆன்.

பாக்கெட்_பாண்டி
அதான். ஐபி ஃபார்வர்டிங் 1-ஆ இருந்தாலும் யூஎஃப்டபிள்யூவோட ஃபார்வர்டு பாலிசி டீஃபால்ட்டா 'ட்ராப்', பிங்கை மட்டும் விட்டுடும். 'யூஎஃப்டபிள்யூ ரூட் அலவ்', உள்ளே டபிள்யூஜி0 (வயர்கார்டு இன்டர்ஃபேஸ்), வெளியே டபிள்யூஜி0ன்னு ஒரு விதி சேருங்க. மொத்த பாலிசியையும் 'அக்சப்ட்' ஆக்காதீங்க. விபிஎஸ்லயும் வீட்டுலயும் டபிள்யூஜி-குவிக் சர்வீஸ எனேபிள் பண்ணுங்க, இல்லன்னா ரீபூட் ஆனா டனல் வராது.

கோவை_லேப்
திறந்துடுச்சு, நன்றி! டூஎஃப்ஏ ஊர்ல இருந்து வந்து பண்றேன்.

வேர்_உரிமை
கிளம்புவதற்கு முன் செய்யுங்கள். டேட்டாசென்டர், பெர்மிஷன்ஸ், டூ ஃபேக்டர், ஆட், டிஓடிபி (ஃபோன் ஆப் காட்டும் நேரக் குறியீடு). அதே இடத்தில் ரெக்கவரி கீயும் எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள்.

ரவுட்டர்_ராசா
மினி பிசி பயாஸ்ல, கரண்ட் போய் வந்தா தானா ஆன் ஆகுற மாதிரி வெச்சிருக்கீங்களா ப்ரோ? பவர் மேனேஜ்மென்ட்ல ஏசி ரெக்கவரி மாதிரி ஒரு பேர்ல இருக்கும்.