அப்பாவால் எண்ண முடிகிறது, பாட முடிகிறது, தண்ணீர் கேட்க முடியவில்லை. இதில் எது பேச்சு?

மூத்தமகள் எழுதியது:

வணக்கம். அப்பாவுக்கு மூளையின் இடது பக்கத்தில் பக்கவாதம் வந்து சில மாதங்கள் ஆகின்றன. வலது கை இன்னும் சரியாகவில்லை. பேச்சில் வந்திருப்பது அஃபேசியா, அதாவது மூளை பாதிக்கப்பட்டதால் மொழியைக் கையாள முடியாமல் போவது, என்று டாக்டர் சொன்னார். ஸ்பீச் தெரபி நடந்துகொண்டிருக்கிறது, அதனால் சிகிச்சை பற்றிக் கேட்க வரவில்லை. எனக்கு விளங்காதது வேறு.

"ஒன்று" என்று நான் ஆரம்பித்துக் கொடுத்தால் பத்து வரை தடங்கலே இல்லாமல் எண்ணுகிறார். ஆனால் "உங்களுக்கு எத்தனை பேரப்பிள்ளைகள்?" என்று கேட்டால் மூன்று என்ற அதே சொல் வர மறுக்கிறது. ஒன்று, இரண்டு என்று முதலிலிருந்து எண்ணிக்கொண்டே வந்து, மூன்றில் நிறுத்தி, விரலைக் காட்டுகிறார். பழைய பாட்டு ஒன்றின் பல்லவியைச் சொல் பிசகாமல் பாடுகிறார். கோபம் வந்தால் வசவு தெளிவாக வருகிறது. யாராவது பேசிக்கொண்டிருந்தால் நடுநடுவே "சரி சரி", "ஆமா, அதான்" எல்லாம் போட வேண்டிய இடத்தில் போடுகிறார். தண்ணீர் வேண்டும் என்றால் மட்டும் வாய் திறந்து மூடுகிறது, கண் கலங்குகிறது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

பார்க்க வருகிறவர்களில் சிலர், "இவ்வளவு நன்றாகப் பாடுகிறவருக்குப் பேச முடியாதா? மனசு வைத்தால் முடியும்" என்கிறார்கள், அவர் காதுபடவே. வேறு சிலர், "அவர் சொல்வதெல்லாம் பேச்சே இல்லை, கிளிப்பிள்ளை சொல்கிற மாதிரி" என்கிறார்கள். எனக்கு இரண்டுமே பொறுக்கவில்லை. எண்ணுவது, பாடுவது, திட்டுவது, கேட்பது எல்லாம் ஒரே வாயிலிருந்து வரும் பேச்சுதானே? ஒன்று போய் இன்னொன்று எப்படி மிஞ்சுகிறது? மிஞ்சியதைப் பேச்சு என்று சொல்லலாமா, கூடாதா?

---

பயிற்சியறை எழுதியது:

சகோதரி, நான் ஸ்பீச் தெரபிஸ்ட். அப்பா மூன்றைச் சொல்ல ஒன்றிலிருந்து வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அஃபேசியா உள்ளவர்கள் பலரும் தாமாகவே கண்டுபிடிக்கும் வழி அது. எண்ணும்போது ஒவ்வொரு சொல்லும் அடுத்ததை இழுத்துக்கொண்டு வந்துவிடும். பதில் சொல்லும்போது அப்படி இல்லை. கேள்வியைப் புரிந்து, விடையை நினைத்து, ஆயிரக்கணக்கான சொற்களிலிருந்து ஒன்றைப் பொறுக்கி, அதன் ஒலிகளை வரிசைப்படுத்தி, நாக்குக்கும் உதட்டுக்கும் அனுப்ப வேண்டும். வாயில் வரும் சொல் ஒன்றேதான், அது வந்து சேர்கிற பாதைதான் வேறு.

இதை முதலில் தெளிவாகப் பிரித்துச் சொன்னவர்களில் ஒருவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நரம்பியல் மருத்துவர். புதிதாக ஒன்றைச் சொல்வதற்காகக் கோக்கும் பேச்சு வேறு, வசவு, வாழ்த்து, மனப்பாடம் போலத் தானாக வரும் பேச்சு வேறு என்றார். அவருக்கும் முன்னால், 1745இல், ஸ்வீடனில் ஓலோஃப் டாலின் என்பவர் ஒரு நோயாளியைப் பற்றிக் குறித்து வைத்திருக்கிறார். வலப்பக்கம் செயலிழந்தவர், "ஆம்" தவிர வேறு சொல் வராது, ஆனால் முன்பே கற்ற பக்திப் பாடல்களை மற்றவர்களோடு சேர்ந்து தெளிவாகப் பாடுவார். உங்கள் அப்பாவிடம் நீங்கள் பார்ப்பது அத்தனை பழைய விஷயம்.

ஆகவே "பாட முடிகிறதே, பேச முடியாதா" என்பது தப்பு. பாடுவது அவர் முயற்சி செய்யாமல் இருப்பதற்குச் சாட்சி ஆகாது. 1973இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பயிற்சி முறை இதையே பிடித்துக்கொண்டு வந்தது. அன்றாடம் தேவைப்படும் சின்ன வாக்கியங்களை ஏற்ற இறக்கத்தோடு ராகமாகச் சொல்ல வைத்து, இடது கையால் தட்ட வைத்து, பிறகு ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டுவருவது. எல்லோருக்கும் பொருந்தாது. சொன்னது புரிந்து, சொல் மட்டும் வராதவர்களுக்குத்தான் பெரும்பாலும் உதவுகிறது. பழைய பாட்டையே திரும்பத் திரும்பப் பாடுவதால் மட்டும் தண்ணீர் கேட்க வந்துவிடாது. உங்கள் தெரபிஸ்டிடம் கேட்டுப் பாருங்கள்.

---

கைமொழி எழுதியது:

என் அப்பா அம்மா இருவருக்கும் காது கேட்காது. நான் முதலில் கற்றது சைகைமொழி, வாய்ப்பேச்சு அப்புறம்தான். அதனால் "எது பேச்சு" என்ற கேள்வி என்னைச் சும்மா விடாது.

சைகைமொழி பேசும் காது கேளாதவர்களுக்கு மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் அவர்களுக்கும் அஃபேசியா வரும். கை அசையும், விரல் மடங்கும், ஆனால் சைகைச் சொல் தப்பாக வரும், இலக்கணம் உடையும். அதே ஆள் பல் துலக்குவதை நடித்துக் காட்டச் சொன்னால் காட்டிவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் கையசைவுதான், மூளைக்கு இரண்டும் ஒன்றல்ல. சைகைமொழிக்குத் தனி இலக்கணம் உண்டு என்று அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கி 1960இல் எழுதிக் காட்டும் வரை பல அறிஞர்களே அதை வெறும் அபிநயம் என்றுதான் நினைத்திருந்தார்கள். என் பெற்றோரை "பேச்சு இல்லாதவர்கள்" என்று சொல்லிக் கேட்டே வளர்ந்தவள் நான். இரவு வெகுநேரம் வரை வாக்குவாதம் செய்கிற இரண்டு பேரைப் பற்றி அப்படிச் சொல்வார்கள்!

உங்கள் அப்பா விரலைக் காட்டுகிறாரே, அதையும் பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா. "வாயால் சொல்லுங்கள்" என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

---

மூத்தமகள் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒன்று விட்டுப்போயிற்று. அந்த "சரி சரி"யை அப்பா ஒரே மாதிரி சொல்வதில்லை. ஒப்புக்கொள்ளும்போது ஒரு குரல், "போதும், நிறுத்து" என்பதற்கு ஒரு குரல், பேத்தி விழுந்துவிட்டால் தேற்றுவதற்கு இன்னொரு குரல். குழந்தைகளுக்கு அது எங்களை விட வேகமாகப் பிடிபடுகிறது. இதையும் தானாக வருவது என்று ஒதுக்கிவிட எனக்கு மனசு வரவில்லை.

---

ஒலியியல் மாணவன் எழுதியது:

ஒதுக்கவே வேண்டாம். பால் ப்ரோகா என்ற பிரெஞ்சு மருத்துவர் 1861இல் பாரிஸில் பார்த்த லெபோர்ன் என்ற நோயாளிக்கு "டான்" என்ற ஒரே அசைதான் வாயில் வரும். மருத்துவமனையில் அவருக்குப் பெயரே அதுதான். அந்த ஒரு அசையைக் குரல் மாற்றி, கையசைவு சேர்த்துத்தான் மற்றவர்களோடு பழகினார். சொல்ல வந்தது எதிரிலிருப்பவருக்குப் புரியாமல் கோபம் வந்தால் மட்டும் ஒரு வசவும் வாயில் வரும். ப்ரோகாவின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அவர் பெயரால் அழைக்கப்படும் மூளைப் பகுதியைப் பற்றியே பேசுகிறோம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்த மனிதர் ஓரசையை வைத்தே மற்றவர்களோடு பேசிவந்தது. குரலின் ஏற்ற இறக்கத்தில் உணர்ச்சியைக் காட்டுவதில் மூளையின் வலப்பக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வலப்பக்கம் அடிபட்டவர்கள் சிலர் சொற்களை ஒழுங்காகப் பேசுவார்கள், குரல் தட்டையாக இருக்கும், கோபமா பாசமா என்றே தெரியாது. அவர்களிடம் இல்லாதது உங்கள் அப்பாவிடம் நிறைய இருக்கிறது.

இன்னொன்று. 2009இல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், ஒருவர் கேட்டு முடித்து மற்றவர் பதிலைத் தொடங்கும் இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று வந்தது. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே நமக்கு அதைப்போல் சுமார் மூன்று மடங்கு நேரம் ஆகும். அதாவது எதிராளி முடிப்பதற்குள்ளேயே பதிலைத் தயார் செய்துவிடுகிறோம். அந்த வேகத்துக்குப் பழகிய காதுக்கு ஐந்து நொடி மௌனம் தாங்காது. அதனால்தான் வருகிறவர்கள் அவருக்குப் பதிலாகத் தாங்களே பேசிவிடுகிறார்கள். அவருக்கு அந்த இடைவெளியை விட்டுக்கொடுங்கள்.

---

பயிற்சியறை எழுதியது:

மாணவர் சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. "ஆமா", "இல்லை" இரண்டும் அஃபேசியாவில் இடம் மாறி வரலாம். மருந்து, வலி போன்ற விஷயங்களில் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் தலையசைவையும் முகத்தையும் பாருங்கள், கேள்வியை மாற்றி மறுபடி கேளுங்கள். ஒரு தாளில் இரண்டு மூன்று சொற்களைப் பெரிதாக எழுதியோ படம் வரைந்தோ நீட்டினால் பலர் சரியானதைத் தொட்டுக் காட்டுவார்கள். தண்ணீருக்கு அதிலேயே முதலிடம் கொடுங்கள்.

வருகிறவர்கள் முன்னால் பாடிக் காட்டச் சொல்லாதீர்கள், அவராகப் பாடினால் கூடச் சேர்ந்து பாடுங்கள். அவர்களுக்கு விஷயத்தை விளக்குவதானால் தனியே கூட்டிப்போய்ச் சொல்ல வேண்டியதில்லை. "நான் சொல்லட்டுமா அப்பா?" என்று அவரிடம் கேட்டுவிட்டு, அவர் முன்னாலேயே சொல்லுங்கள்.