பருவத் தொடக்கத்தில் மலையாற்று ட்ரவுட்: ஒரு கொத்துகூட விழவில்லையே, ஏன்?

புதுத்தூண்டில்:
அனைவருக்கும் வணக்கம். ஃப்ளை ஃபிஷிங்கில், அதாவது கொக்கியில் கட்டிய போலி ஈயை வீசி மீன் பிடிப்பதில், இது எனக்கு இரண்டாம் ஆண்டு. சென்ற கோடையில் மிதக்கும் ஈயை வைத்தே ஓரளவு ட்ரவுட் பிடித்திருந்த தெம்பில், இந்த ஆண்டு பருவம் திறந்த முதல் வாரமே அதே மலையாற்றுக்குப் போனேன். விடியுமுன் கரையில் இருந்தேன். கோலின் வளையங்களில் பனி உறைந்து நரம்பு ஓட மறுத்ததால், நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை கோல்நுனியை ஆற்றில் முக்கி எடுக்க வேண்டியிருந்தது. கோடையில் மீன் தந்த அதே துள்ளோட்டங்களில் (கற்கள்மேல் ஆழமின்றி நீர் துள்ளி ஓடும் இடங்களில்), பத்து மணிவரை 14, 16 எண் ஈக்களை (எண் கூடக்கூட ஈ சிறிது) மாற்றி மாற்றி வீசியும் பலனில்லை. நீரின் வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸ். பிழை ஈயிலா, இடத்திலா, நேரத்திலா?

கல்மடு:
நண்பரே, மூன்றிலும்தான், ஆனால் மூன்றுக்கும் காரணம் நீங்கள் கடைசியாகச் சொன்ன அந்த 4 டிகிரி. ட்ரவுட்டின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தையே ஒட்டியிருப்பதால், நீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகிப் பசியும் அடங்கிவிடும். பழுப்பு ட்ரவுட் நன்றாக இரையெடுப்பது ஏறத்தாழ 10 முதல் 16 டிகிரி வரையில். 4 டிகிரியில் அது துள்ளோட்டத்தில் நின்று வலுவை வீணாக்காமல், மடுவின் அடியிலோ பெரும்பாறையின் பின்னாலோ ஒதுங்கிவிடும். மூக்கருகே வருவதை வாய்திறந்து வாங்குமே ஒழிய, மேற்பரப்புவரை எழுந்து வராது.

ஆகவே, காலையில் நன்றாகத் தூங்கிவிட்டுப் பதினொரு மணிக்கு மேல் போங்கள். மிதக்கும் ஈயைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, டங்ஸ்டன் மணி கோத்த நிம்ஃபை, அதாவது நீர்ப்பூச்சியின் இளம் பருவத்தைப் போலச் செய்த மூழ்கும் ஈயைக் கட்டுங்கள். டங்ஸ்டனின் அடர்த்தி 19.3, பித்தளையினுடையது 8.5 அளவுதான் என்பதால், அதே பருமனில் அது இரு மடங்குக்கு மேல் கனக்கும். தக்கைக்கும் நிம்ஃபுக்கும் இடையே நீராழத்தைப் போல ஒன்றரை மடங்கு நரம்பு இருக்கட்டும்.

பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். கற்களின் உராய்வால் ஆற்றின் அடிநீர் மேல்நீரைவிட மெதுவாக ஓடுகிறது. நிம்ஃப் உண்மையிலேயே அடியைத் தொட்டிருந்தால், உங்கள் தக்கை பக்கத்தில் மிதக்கும் நுரைக்குமிழிகளுக்குச் சற்றுப் பின்தங்கி வரும்; குமிழியோடு சேர்ந்தே ஓடினால் நிம்ஃப் இன்னும் பாதி ஆழத்தில் தொங்குகிறது என்று பொருள். குளிர்நீரில் மீன் வெடுக்கென்று இழுக்காது. தக்கை ஒரு நொடி தயங்கும், அவ்வளவே. அந்தத் தயக்கத்துக்கே கோலை உயர்த்துங்கள். பாதிநேரம் கல்லாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். நாள் முழுக்க ஒரு நிம்ஃபைக்கூடக் கல்லுக்குப் பறிகொடுக்காதவர் ஆழமாக வீசவில்லை என்பது என் கணிப்பு.

நீர்க்கோல்:
கல்மடு ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன், ஒரு திருத்தத்துடன். மேலே மலையில் பனி கிடக்கும் ஆறுகளில், வெயில் ஏறிய நாளின் பிற்பகல் எப்போதும் நல்ல நேரமாக அமைவதில்லை. உருகிய பனிநீர் வந்து சேரும்போது நீர்மட்டம் உயர்ந்து, நிறம் வெளுத்துக் கலங்கி, வெப்பநிலை மீண்டும் சரியும். நீர்விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவைத்து அவ்வப்போது பாருங்கள். அது மூழ்கத் தொடங்கினால் அன்றைய நல்ல நேரம் கழிந்தது. நண்பகலையொட்டிய அந்தக் குறுகிய இடைவெளியில் நீர் 4-இலிருந்து 6 டிகிரிக்கு ஏறினாலே, மீனிடம் மாற்றம் தெரியும்.

எந்த நிம்ஃப் என்பதற்கு, ஆற்றில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். இரண்டு வாலோடு தட்டையாக ஊர்வது கல்ஈயின் (ஸ்டோன்ஃப்ளை) இளரி, அதாவது நீரில் வாழும் இளம் பருவம். மூன்று வாலும் வயிற்றின் இருபுறமும் படபடக்கும் செவுள்களும் இருந்தால் அது பெரும்பாலும் மேஃப்ளையின் இளரி. பெரிய கல்ஈக்களில் சில, இரண்டு மூன்று ஆண்டுகளை இளரியாகவே நீரில் கழிப்பதால், எந்த மாதத்திலும் மீனுக்கு அவை பழகிய இரைதான். மேகம் மூடிய, தூறல் விழும் நண்பகலில் சிறிய மேஃப்ளைகள் நீரிலிருந்து எழக்கூடும். அன்று மட்டும் 18 அல்லது 20 எண்ணில் மிதக்கும் ஈயை எடுங்கள்.

புதுத்தூண்டில்:
மிக்க நன்றி. ஈயைக் கட்டும் முனை நரம்பு எந்தத் தடிமனில் இருக்க வேண்டும்? என்னிடம் 3எக்ஸ்தான் இருக்கிறது.

கல்மடு:
5எக்ஸ் வாங்குங்கள். 11-இலிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் வருவது, நரம்பின் தடிமன் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது. 5எக்ஸ் என்றால் 6, அதாவது சுமார் 0.15 மில்லிமீட்டர். மெல்லிய நரம்பை நீரோட்டம் குறைவாகவே இழுப்பதால் நிம்ஃப் விரைந்து இறங்கும்.

பரல்கரை:
ஈயைப் பற்றிப் பேசும்போது காலடியை மறந்துவிட வேண்டாம். பழுப்பு ட்ரவுட் இலையுதிர்காலத்தில் பரல்களுக்கிடையே இட்ட முட்டைகளும், பொரித்து இன்னும் வெளிவராத குஞ்சுகளும் இந்த வாரங்களில் அங்கேயேதான் இருக்கின்றன. வானவில் ட்ரவுட்டோ வசந்தத்தில்தான் முட்டையிடும். பாசி படிந்த ஆற்றடியில், தேய்த்துக் கழுவியதுபோல் வெளிறிய நீள்வட்டத் திட்டு தெரிந்தால், அது மீன் முட்டையிட்ட இடம்; அதன்மேல் கால் வைக்காதீர்கள். அதன்மேல் மீன் நின்றால் தூண்டிலையும் வீசாதீர்கள். நீருக்குள் இறங்கும்போது இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டி ஊன்றுகோலோடு இறங்குங்கள், ஏனெனில் 4 டிகிரி நீரில் விழுந்தால் சில நிமிடங்களிலேயே விரல்கள் மரத்துவிடும்.