லெ புயி பேராலயம்: மூட்டுவலிக்காரர் ஏற முடியுமா?

மூஞ்சிக்கல்:
செப்டம்பரில் பிரான்சில் லியோன் போகிறோம், அம்மாவும் வர்றாங்க. மூட்டுவலி. லெ புயி மலைக்கோயில், அப்புறம் நம்ம கொடைக்கானல் மாதாவின் மூல ஊரான லா சலேத், ரெண்டையும் ஒரே நாளில் முடிக்கலாமா? படி எத்தனை?

செண்பகனூர்:
ஒரே நாளில் ஆகாதுங்க. லியோனுக்குத் தென்மேற்கே லெ புயி. சலேத் தென்கிழக்கே, ஆல்ப்ஸ் மலையில் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில். எதிரெதிர்த் திசை. சலேத்தில் மாதா காட்சி தந்ததே 1846இல்தான், கோயில் அதற்கப்புறம் கட்டியது. அசல் ரோமனெஸ்க் (அரைவட்ட வளைவும் தடித்த சுவரும் கொண்ட இடைக்காலக் கட்டடப் பாணி) பார்க்கணும்னா லெ புயிதான், பெரும்பகுதி 12ஆம் நூற்றாண்டு.

முன்வாசலுக்கு 134 படி. பழனிப் படியில் கால்வாசிகூட இல்லை, ஆனால் விஞ்ச் கிடையாது. பாறையில் இடம் போதாமல் கோயிலை மேற்கே நீட்டினப்போ, சரிவில் உயரமான வளைவுகளை எழுப்பி அதுமேல கட்டிட்டாங்க. அதனால படிக்கட்டு கோயிலுக்கு அடியிலேயே நுழையும். அம்மாவை அந்த வழி கூட்டிப்போகாதீங்க. பின்பக்கச் சந்துகளில் ஏறினால் பக்கவாசல்கள் இருக்கு. ஏற்றம் ஏற்றம்தான், ஆனா பெரும்பாலும் சரிவு. தரை முழுக்க உருண்டைக் கல், மழை பெய்தால் வழுக்கும். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ.

வத்தலக்குண்டு:
காலை 7 மணிப் பூசையை விடாதீங்க. ஸ்பெயினில் இருக்கும் சந்தியாகப்பர் கல்லறை வரை சுமார் 1,500 கிலோமீட்டர் நடக்கப்போறவங்களுக்கு அப்போதான் ஆசீர். அது முடிந்ததும் நடுக்கூடத் தரையிலேயே இரும்புக் கிராதி திறக்கும், கீழே படி தெரியும், மூட்டையோட அதுவழியா இறங்கிப் போவாங்க. லியோனிலிருந்து ரயில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல, பல வண்டிக்கு சேன்ட் எட்டியேனில் மாறணும். அதனால முந்தின ராத்திரியே அங்க தங்கினாத்தான் பூசை கிடைக்கும்.

செண்பகனூர்:
இன்னொண்ணு. பீடத்தில் இருக்கும் கறுப்பு மாதா பழைய சுரூபம் இல்லை. பழசை 1794இல், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் எரிச்சுட்டாங்க. இப்போ இருப்பது சின்னச் சுரூபம், உடுப்பு போர்த்தியிருப்பதால் முகம் மட்டும்தான் தெரியும். கிட்டே போய்ப் பாருங்க.

மூஞ்சிக்கல்:
பக்கத்துப் பாறை உச்சியில் ஒரு சிற்றாலயம் இருக்கே?

வத்தலக்குண்டு:
புனித மிக்கேல் சிற்றாலயம். 268 படி, வேற வழியே இல்லை, நுழைவுக் கட்டணமும் உண்டு. அம்மாவைக் கீழே உட்காரவெச்சுட்டு நீங்க மட்டும் ஏறுங்க. லெ புயி பேராலயத்தின் ஜூபிலி ஆண்டு பார்த்துப் போகலாம்னு யாராவது சொன்னால் நம்பாதீங்க: அதுக்குப் பெரிய வெள்ளி மார்ச் 25இல் விழணும். கடைசியா 2016, அடுத்தது 2157!