வெளிமாநில வழக்கறிஞர் நிறுவனத்தை வெண்டாராகச் சேர்க்கும் முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

கேள்வி:
டெக்சாஸில் உள்ள ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். நியூயார்க் மாநில நீதிமன்றத்தில் எங்கள் மீது தொடரப்பட்டுள்ள வழக்குக்காக அங்குள்ள வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றை நிர்வாகம் தேர்ந்தெடுத்து, அவர்களை வெண்டாராகப் பதிந்து முன்பணம் அனுப்பச் சொல்லியிருக்கிறது. டபிள்யூ-9 படிவமும் (பணம் பெறுபவர் தம் பெயரையும் வரி எண்ணையும் தரும் படிவம்) வங்கி விவரமும் ஒரே மின்னஞ்சலில் வந்துள்ளன. இவை போதுமா?

பதில் 1:
போதாது. வழக்காடும் உரிமம் நிறுவனத்துக்கு அல்ல, தனித்தனி வழக்கறிஞருக்கே வழங்கப்படுகிறது. ஆகவே உங்கள் வழக்கை நடத்தப்போகிறவர்களின் பெயர்களை முதலில் கேட்டு வாங்குங்கள். டெக்சாஸில் இதை மாநில வழக்கறிஞர் அமைப்பான ஸ்டேட் பாரின் தளத்தில் பார்த்துப் பழகியிருப்பீர்கள். நியூயார்க்கிலோ வழக்கறிஞர் பதிவேடு மாநில நீதிமன்ற அமைப்பின் தளத்தில் இருக்கிறது. பதிவு நடப்பில் உள்ளதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதேனும் உண்டா என்று ஒவ்வொரு பெயருக்கும் பாருங்கள். தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டை ஆரிகன், ஐடஹோ போன்ற வெகுசில மாநிலங்களே கட்டாயமாக்கியுள்ளன என்பதால், காப்பீட்டுச் சான்றிதழையும் நீங்களே கேட்டுப் பெற வேண்டும்.

பதில் 2:
வரி விஷயத்தில் பலர் தவறுகிறார்கள். கார்ப்பரேஷன் என்று டபிள்யூ-9 படிவத்தில் குறித்திருந்தால் 1099 படிவம் (செலுத்திய தொகையை வரித்துறைக்குத் தெரிவிக்கும் படிவம்) தேவையில்லை என்ற பொது விலக்கு, வழக்கறிஞர்களுக்குச் செலுத்தும் தொகைக்குப் பொருந்தாது. உங்கள் வழக்கறிஞரின் கட்டணம் 1099-என்.இ.சி. படிவத்தில் வரும், சமரசத் தொகையை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வழியாகக் கொடுத்தால் அது 1099-மிஸ்க் படிவத்தின் 10ஆம் கட்டத்தில் வரும். பெயரும் வரி எண்ணும் பொருந்துகின்றனவா என்று அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். வழங்கும் சரிபார்ப்புச் சேவையில் பார்த்துவிடுங்கள். வரி எண்ணே தராதவருக்குச் செலுத்தும்போது 24 சதவீதம் பிடித்தம் செய்யும் பொறுப்பு உங்களுடையதாகிவிடும்.

பதில் 3:
என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்வது அந்த ஒரே மின்னஞ்சல்தான். எங்கள் அலுவலகத்துக்கு இப்படித்தான், ஒரு வழக்கறிஞரின் கையொப்பமும் சின்னமும் அப்படியே இருக்க, முகவரியில் 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' என்ற இரண்டு எழுத்துகள் ஒட்டி நின்ற மின்னஞ்சல் ஒன்று வந்தது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. வங்கி எண்ணை உறுதிசெய்ய அந்த மின்னஞ்சலில் உள்ள தொலைபேசி எண்ணை அழைக்காதீர்கள். வேறு வழியில் நீங்களே தேடியெடுத்த எண்ணை அழைத்துப் பேசுங்கள். முன்பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பது ஒப்பந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். கட்சிக்காரர் பணத்துக்கான கணக்கு என்றால், நியூயார்க் விதிப்படி அதன் பெயரில் 'அட்டர்னி ட்ரஸ்ட் அக்கவுண்ட்', 'அட்டர்னி எஸ்க்ரோ அக்கவுண்ட்', 'அட்டர்னி ஸ்பெஷல் அக்கவுண்ட்' ஆகியவற்றுள் ஒன்று இருந்தாக வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. வந்த விவரத்தில் நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருக்கிறது, ட்ரஸ்ட் என்ற சொல்லே இல்லை. ஒப்பந்தக் கடிதம் கைக்கு வந்து, நீதிமன்றப் பதிவேட்டில் உள்ள எண்ணில் அவர்களிடம் பேசும்வரை பணத்தை நிறுத்திவைக்கிறேன்.