ஆரக்கிளும் எஸ்க்யூஎல் சர்வரும்: நேரடி இணைப்பா, இரவு நகலா?

கோவைக் கணக்கன்:
எங்கள் நூற்பாலையில் சரக்கிருப்பு லினக்ஸில் ஓடும் ஆரக்கிள் டேட்டாபேஸில் இருக்கிறது. கணக்கு விண்டோஸில், எஸ்க்யூஎல் சர்வர் என்ற இன்னொரு டேட்டாபேஸில். காலை அறிக்கைக்கு இரண்டும் சேர்ந்து வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரிலிருந்தே ஆரக்கிளை அணுக விடும் லிங்க்டு சர்வர் போட்டு நேரடியாகக் கேட்டுவிடலாம் என்பது என் எண்ணம். கூட வேலை பார்ப்பவரோ, ராத்திரி நகல் எடுத்து வைத்தால் போதும் என்கிறார். உங்கள் அனுபவம் என்ன?

மாறன்:
நேரடி இணைப்புதான். ஒரே தரவை இரண்டு இடத்தில் வைத்தால் எது சரி என்ற சண்டை தினமும் வரும். காலையில் 50 மூட்டை லாரி ஏறிப் போயிருக்கும். உங்கள் அறிக்கையில் அது இன்னும் கிடங்கில் இருக்கும். டிரைவரை மாற்றினால் எந்த டேட்டாபேஸோடும் பேசலாம் என்றுதானே 1992இல் ஓடிபிசி என்ற பொது இணைப்பு முறையே வந்தது? முப்பது வருடத்துக்கு மேல் அடிபட்டுத் தேறிய வழி அது.

செண்பகம்:
மாறன் சார், இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. இதே மாதிரி அமைப்பில் நான் பட்டிருக்கிறேன். ஆரக்கிளில் 40 லட்சம் வரிசை உள்ள டேபிள், இந்தப் பக்கம் 200 பொருள் குறியீடு. சர்வர் பெயரில் தொடங்கி நான்கு பகுதிப் பெயரெழுதி, இரண்டையும் சேர்க்கும் ஜாயின் போட்டோம். கேள்வி எப்படி ஓடுகிறது என்று காட்டும் பிளானைத் திறந்து பார்த்தால், 40 லட்சமும் நெட்வொர்க் வழியாக இங்கே வந்து, அப்புறம்தான் 200ஆக வடிகட்டப்படுகிறது. அந்த நேரத்தில் கிடங்கில் பில் போடுகிறவர் திரையைப் பார்த்தபடி நின்றிருந்தார். அறிக்கை ஒன்றுக்காக நடக்கிற வேலையை நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாறன்:
அது எழுதிய விதத்தின் கோளாறு, இணைப்பின் கோளாறு இல்லை. ஓபன்கொயரி என்ற கட்டளையில் எழுதினால் கேள்வி அப்படியே ஆரக்கிளுக்குப் போய் அங்கேயே வடிகட்டி வரும். போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸில், வேறு இடத்துத் தரவைக் காட்டும் ஃபாரின் டேபிளிலும் எக்ஸ்பிளெய்ன் வெர்போஸ் கட்டளை போட்டால், எந்தக் கேள்வி அந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். பார்க்காமல் விடுவது நம் தவறு.

செண்பகம்:
படிப்பதற்குச் சரி. எழுத ஆரம்பித்தால்? இரண்டிலும் ஒரே டிரான்சாக்‌ஷன் என்றால் இரண்டு பக்கமும் முதலில் தயார் என்று சொல்லி, பிறகு சேர்ந்து பதிவு செய்யும் டூ ஃபேஸ் கமிட் வேண்டும். "தயார்" என்று ஒரு பக்கம் சொன்ன பிறகு லைன் அறுந்தால், அந்த வரிசைகள் பூட்டியபடியே கிடக்கும். லைன் திரும்பாவிட்டால், கமிட்டா (பதிவா) ரோல்பேக்கா (ரத்தா) என்று ஒரு ஆள் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும்.

பழைய டிபிஏ:
நீங்கள் இரண்டு பேரும் வேகத்தையும் பூட்டையும் பேசுகிறீர்கள். எனக்குத் தூக்கம் போனதெல்லாம் தரவின் பொருளில்தான்.

எஸ்க்யூஎல் சர்வரில் வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாத உரை) வேறு, நல் (மதிப்பே இல்லாத நிலை) வேறு. ஆரக்கிளுக்கு இரண்டும் ஒன்று. "குறிப்பு வெற்றுச் சரம் அல்லாதவை" என்று வெற்று மேற்கோள் குறியோடு ஒப்பிட்டு ஆரக்கிளில் கேட்டால் ஒரு வரிசைகூட வராது, பிழையும் வராது. மாறன் சொல்கிற ஓபன்கொயரியில் இது அப்படியே நடக்கும்.

அடுத்து தமிழ்ப் பெயர்கள். "தமிழ்ச்செல்வி" நம் கண்ணுக்கு 7 எழுத்து. யூனிகோடில் 13 குறியீடு. எஸ்க்யூஎல் சர்வரின் என்வார்ச்சார் 30இல் (30 குறியீட்டுக்கு இடம்) தாராளமாக உட்காரும். யூடிஎஃப்-8 சேமிப்பு முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 39. ஆரக்கிளில் வார்ச்சார்2 30 என்று மட்டும் எழுதியிருந்தால் வழக்கமாக அது 30 பைட். இடம் போதாது என்ற ஓஆர்ஏ-12899 பிழை வந்து நிற்கும். சோதனைக்கு எல்லோரும் ஆங்கிலப் பெயரையே போடுவதால் இது முன்கூட்டித் தெரிவதில்லை. டேபிள் உருவாக்கும்போதே "30 சார்" என்று எழுதுங்கள். நேரடி இணைப்போ நகலோ, இரண்டிலும் இது வரும்.

மாறன்:
வெற்றுச் சர விஷயத்தை ஏற்கிறேன் ஐயா, அதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் நேற்றைய நகலை வைத்து இன்றைக்குச் சரக்கு அனுப்ப மாட்டேன்.

கோவைக் கணக்கன்:
இப்போதுதான் பார்த்தேன்: சரக்கிருப்பில் வழங்குநர் பெயர் 30 பைட்தான். கணக்கிலிருந்து தமிழ்ப் பெயர்கள் போகத் தொடங்கும் முன் மாற்றிவிடுகிறேன். பழைய மாதங்களுக்கு இரவு நகல், இன்றைய இருப்புக்கு மட்டும் ஓபன்கொயரி என்று முயல்கிறேன். எழுதும் வேலை இந்த வழியில் இல்லை.

செண்பகம்:
அப்படியானால் ஆரக்கிளில் தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, தேவையான டேபிள்களுக்கு செலக்ட் (படிக்கும்) உரிமை மட்டும் கொடுங்கள். லிங்க்டு சர்வரில் அந்தப் பயனரையே போடுங்கள். நாளைக்கு யாராவது அவசரத்தில் அப்டேட் எழுதினாலும் அது ஓடாது.